கொசுறு உபயோகம்

கடைத்தெருவில் அவருக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று தபால்காரருக்கு மட்டும் தெரியும், அவரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மலையேறுகிறவர்கள், மீன் பிடிக்கப் போகிறவர்கள், விடுமுறைக்குக் காட்டில் கூடாரம் போட்டுவிட்டு முதுகுவலியோடு திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டிய சாமான்கள் அவர் கடையில் கிடைக்கும். கயிறு, ஸ்டீல் பாட்டில், படுதா, தலையில் மாட்டும் விளக்கு. கூரையிலிருந்து தொங்கும் முதுகுப்பைகள் விருந்து சாப்பிட்ட மாதிரிப் புடைத்திருக்கும். உள்ளே பழைய செய்தித்தாள்.

விலையை ஏற்றிச் சொல்லிக் குறைக்கிற வியாபாரிகள் உண்டு. ஒரே விலை என்று போர்டு மாட்டிவிட்டுக் குறைக்கிறவர்களும் உண்டு. இவர் விலையைத் தொடவே மாட்டார். வந்தவர் விலையைக் கீழே இழுத்தால் இவர் பொருளை மேலே தூக்குவார். "இன்னொண்ணு கேளுங்க" என்று ஆரம்பித்து, அந்தப் பொருளுக்குப் புதிதாக ஒரு உபயோகம் சொல்வார். மற்ற கடைகளில் கொசுறாக ஒரு பிடி கூடப் போடுவார்கள். இவர் போடுவது உபயோகம். போடுகிறவருக்குச் செலவு வைக்காத கொசுறு அது ஒன்றுதான்.

பாட்டில் விலையைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினால், வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பார். இன்னும் இழுத்தால், காலி பாட்டிலைக் கல்லால் தட்டினால் அடுத்த மேடு வரை கேட்கும். அதற்கும் மசியவில்லை என்றால், பாட்டிலைக் காதில் கவிழ்த்துப் பிடித்தால் தூரத்தில் மழை வருவது தெரியும். இவற்றில் பாதி நிஜம். மீதி, அவர் வாயைத் திறந்த பிறகு பிறந்தவை. அவற்றால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் படுதாவை வீட்டில் ஒழுகுகிற இடத்தில் விரித்ததோடு சரி.

கல்லாவில் உட்காருவது மனைவி. அவளும் வியாபாரி வீட்டுப் பெண், அப்பாவுக்குத் துணிக்கடை. கணவர் பேசும்போது குறுக்கே வரமாட்டாள். பேச்சு முடிந்ததும் பில்லைக் கிழித்துக் கொடுப்பாள்.

அவளுடைய தம்பி ஒரு நாள் படுதா வாங்க வந்தான். அந்த வாரக் கடைசியில் மலைக்குப் போகிறானாம். கூட அலுவலக நண்பர் ஒருவர். தடித்த கண்ணாடி, அடக்கமான ஆள், கடைக்குள் நுழையும்போதே மன்னிப்புக் கேட்கிற முகம்.

வியாபாரிக்கு வாய்க்கிற வாடிக்கையாளர்களிலேயே கொடுமையானவர் சொந்தக்காரர். குறைத்துக் கொடுத்தால் அடுத்த கல்யாண வீட்டில் அது பேச்சாகி, மீதி உறவும் கிளம்பி வந்துவிடும். குறைக்காவிட்டால் அதே கல்யாண வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு. ஆகவே கடைக்காரர் மிகவும் எச்சரிக்கையாக ஒரு ஆரஞ்சு நிறப் படுதாவை எடுத்து விரித்தார். கயிற்றில் போட்டால் கூடாரம், மூலைகளைத் தூக்கிக் கட்டினால் மழைத் தண்ணீர் பிடிக்கலாம், உடம்பில் சுற்றிக்கொண்டால் குளிர்காற்று உள்ளே வராது, வெட்டவெளியில் விரித்துவைத்தால் தேடுகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்றார். நான்கும் நிஜம். பிறகு தம்பி விலை கேட்டான். சொன்னார். தம்பி சிரித்தான்.

"வழியில போறவனுக்குச் சொல்ற வெலையையே எனக்கும் சொல்றீங்களே மாமா."

"வழியில போறவனுக்கு இந்த உருப்படியக் காட்டவே மாட்டேன் மாப்ள. இன்னொண்ணு கேளு."

இரண்டு கம்பைச் செருகினால் அடிபட்டவரைத் தூக்கிப்போகலாம் என்றார். தம்பி ஒரு விலை கேட்டான். சுருட்டிப் பிடித்தால் ஒலிபெருக்கி என்றார். தம்பி படுதாவைப் பலகையில் வைத்துவிட்டு, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறபடி வாசல் வரை போனான். அங்கே அவனை நிறுத்தப் பெரியதாக ஒன்று வேண்டியிருந்தது.

"ஆத்தையே கடக்கலாம் மாப்ள. உள்ள காஞ்ச சருகைத் திணிச்சு நாலு மூலையையும் இழுத்துக் கட்டினா மெதவை. கெட்டியாப் புடிச்சிக்கிட்டா எந்த வெள்ளத்துலயும் அந்தக் கரைக்குப் போயிடலாம்."

கண்ணாடிக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்து, "அப்படிங்களா?" என்றார். தம்பி திரும்பி வந்து, கடைக்காரர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டான். அக்கா பில்லைக் கிழித்தாள்.

அவர்கள் மலைக்குப் போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் காலையில், கடையைத் திறந்து கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. மலையடிவாரத்து மரப்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது, அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கமே இருக்கிறார்கள், மழை விட்டால்தான் மீட்புக்காரர்கள் போகமுடியும். தம்பியின் போன் மணி அடிக்கவே இல்லை.

அவள் அழவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு அவன்கிட்ட சொன்னதுல எது நெஜம், எது கொசுறு?"

எல்லாம் அனுபவத்தில் சொன்னதுதான் என்று கடைக்காரர் தொடங்கினார். எந்த ஆற்றை எப்போது கடந்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் கடற்கரையில்கூடத் திரும்பி வந்துவிடுகிற ஆள்.

மச்சினன் புத்திசாலி, அப்படியெல்லாம் தண்ணீரில் இறங்கமாட்டான் என்றார் அவர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுப் புத்தி அவளுக்குத் தெரியும். கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டால், வீடு முன்னாலேயே வந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்க யோசிக்கிற குடும்பம்.

"வெலை குறையலன்னா வாங்கினதை முழுசா வசூல் பண்ணாம விடமாட்டான். நீங்க எத்தனை சொன்னீங்களோ அத்தனையும் செஞ்சு பாப்பான். எங்கப்பா வளத்த வளப்பு அப்படி."

பிறகு அவளே கடையிலிருந்து அதே மாதிரி ஆரஞ்சுப் படுதா ஒன்றை எடுத்தாள். தொங்குகிற பைகளின் வயிற்றிலிருந்து செய்தித்தாளை உருவினாள். கடைக்குப் பின்னால் கார் கழுவுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே மார்பளவு ஆழத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. கணவரை முன்னால் நடக்கச் சொன்னாள்.

சருகுக்குப் பதிலாகக் காகிதத்தைத் திணித்து, நான்கு மூலையையும் சேர்த்து அவர் இழுத்துக் கட்டினார். கட்டுவதில் கெட்டிக்காரர். மூட்டையைத் தொட்டியில் போட்டதும் அது அன்னம் மாதிரி மிதந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கார் கழுவுகிறவர் குழாயை நிறுத்திவிட்டு வந்து, என்ன வியாபாரம் என்று கேட்டார். சும்மா ஒரு சோதனை என்றார் கடைக்காரர்.

"புடிச்சிக்கிட்டு எறங்குங்க" என்றாள் மனைவி.

இறங்கினார். மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால்களைத் தரையிலிருந்து எடுத்தார். சிறிது நேரம் எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது. பிறகு கயிறு கோர்க்கிற ஓட்டைகளின் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிற்று. காகிதம் குடித்தது. மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டு, அவரைக் கீழே வைத்துத் தான் மேலே வந்தது. கார் கழுவுகிறவர் எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினார். இருமி முடித்ததும் கடைக்காரர், முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் சரியாக வந்திருக்கும் என்றார்.

"இது நிக்கிற தண்ணி" என்றாள் அவள்.

சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே அவர் தொட்டியை விட்டு ஏறினார்.

ஈரச் சட்டையோடு கடைக்குள் வரும்போதே போன் அடித்தது. மீட்புக்குழு அதிகாரி. மழை விட்டிருக்கிறது, ஆட்கள் ஆற்றோரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், உடைந்த பாலத்தின் தூணில் ஒரு மூட்டை சிக்கியிருக்கிறது என்றார். ஆரஞ்சுப் படுதா, உள்ளே சருகு, நான்கு மூலையும் கட்டியிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. ஓரத்தில் இந்தக் கடையின் ஸ்டிக்கர் இருந்ததால் கேட்கிறார்களாம்.

"இதை இப்படி எதுக்குக் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

ஒரு பொருளைச் சொல்லி இது எதற்கு என்று கேட்டு, அவர் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஆத்தைக் கடக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன் பிறகு இருவரும் கடையில் இருந்தார்கள். மூடவில்லை. போன் கடையில்தான் வரும். கயிறு வாங்க ஒருவர் வந்தார், அவள் பில் போட்டாள். கடைக்காரர், அவள் வெறுமையாக்கிய பைகளில் ஒவ்வொன்றாகக் காகிதம் திணித்துக்கொண்டிருந்தார். திணித்துவிட்டு எடுப்பார், மறுபடியும் திணிப்பார். ஒருமுறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்தில் மறுபடியும் போன் வந்தது. இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் நன்றாக இருக்கிறார், ஒருவருக்குக் கை முறிந்திருக்கிறது. எந்த ஒருவர் என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தம்பி நடைபாதையில் உட்கார்ந்து, இரவல் சட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் இருந்தவர் கண்ணாடிக்காரர். கண்ணாடி ஆற்றோடு போய்விட்டதால் முகம் இன்னும் அடக்கமாகத் தெரிந்தது. கையில் மாவுக்கட்டு.

அக்கா தம்பியின் தலையில் ஒன்று வைத்தாள். அதற்கு அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. கடைக்காரர் சற்றுத் தள்ளி நின்று, ஆற்றில் இறங்கினாயா மாப்ள என்று கேட்டார்.

"நான் எதுக்கு எறங்கறேன்? வெலை கேக்கறதுக்கு முன்னாடி நீங்க நாலு சொன்னீங்க. அந்த நாலையும் செஞ்சேன். கூடாரம் போட்டேன், தண்ணி புடிச்சேன், குளிருக்குச் சுத்திக்கிட்டோம், வெடிஞ்சதும் பாறை மேல விரிச்சு வச்சேன். வெலை கேட்டதுக்கு அப்புறம் சொன்னதெல்லாம் வெலைக்காகச் சொன்னதுதானே மாமா. எங்கப்பா சாயம் போகாதுன்னு சொல்லி வித்த துணியில நாங்க யாராவது சட்டை தச்சுப் போட்டிருக்கோமா?"

"அப்ப இவரு?" என்று அக்கா கட்டிலைக் காட்டினாள்.

தம்பி டீயைக் கீழே வைத்தான். விறகு பொறுக்க அவன் மேலே போயிருந்தபோது நடந்ததாம். நண்பர் பாறையிலிருந்து படுதாவை எடுத்து, கிடைத்த சருகைத் திணித்து, அன்று கடையில் கேட்டபடியே கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். அந்த மழையில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? அவன் ஓடி வரும்போது தண்ணீர் அவரைப் பாறையில் மோதியிருந்தது. முதுகுப்பையின் வாரைப் பிடித்து இழுத்துப் போட்டான். மூட்டை போய்விட்டது.

"நமக்குத் தெரியும் மாமா. அவருக்கு எப்படித் தெரியும்? அவங்கப்பா ஸ்கூல் வாத்தியார். சொன்னதைச் சொன்னபடி கேட்டு வளந்தவரு."

கட்டிலில் இருந்தவர் குரலை அடையாளம் கண்டுகொண்டு, மங்கலாகத் தெரிந்த உருவத்தின் பக்கமாகத் திரும்பி, கடைக்காரரிடம் வருத்தம் தெரிவித்தார். முடிச்சைத் தான்தான் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது என்றார். படுதாவும் வீணாகிவிட்டது.

கடைக்காரர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிச்சில் தப்பில்லை என்று சொன்னார். பிறகு, ஒருவகையில் பார்த்தால், அந்த மூட்டை தூணில் சிக்கியதால்தானே தேடுகிறவர்களுக்கு ஆள் இருப்பது தெரிந்தது, அதையும் ஒரு உபயோகமாக... என்று ஆரம்பித்தார். மனைவி ஏறிட்டுப் பார்த்தாள். வாக்கியம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் வாயிலிருந்து கிளம்பி முடியாமல் நின்ற முதல் வாக்கியம்.

மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள், மலைக்குப் போகிற ஒருவர் ஆரஞ்சுப் படுதா கேட்டு வந்தார். கடைக்காரர் நான்கு உபயோகத்தையும் சொன்னார். விலை சொன்னார். வந்தவர் இழுத்தார். கடைக்காரர் வாயைத் திறந்து, மூடி, விலையைக் குறைத்தார்.

வந்தவர் கையிலிருந்த படுதாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சார், கேட்ட உடனே எறங்கிட்டீங்க? எங்கயாவது கிழிசலா?"

கிழிசல் இல்லை என்றார். வேறு எதற்கெல்லாம் ஆகும் என்று கேட்டார் வந்தவர். சொன்ன நான்குக்குத்தான் ஆகும் என்றார் கடைக்காரர். வந்தவருக்குத் திருப்தி இல்லை, எதிர்க்கடைக்குப் போனார். கடைக்காரர் படுதாவை மடித்து முடிப்பதற்குள் திரும்பியும் வந்துவிட்டார்.

"எதிர்ல இதே படுதாவை வச்சு ஆத்தையே கடக்கலாம்ங்கறாரு. நீங்க சொல்லவே இல்லையே?"

கல்லாவில் பில் புத்தகம் புரளுகிற சத்தம் நின்றது. தெருவில் யார் யார் அதைக் கேட்டுக்கொண்டு போனார்கள், இப்போது எத்தனை கடையில் அது ஓடுகிறது என்று கடைக்காரர் யோசித்திருக்க வேண்டும்.

"கடக்க முடியாதுங்க."

"நீங்க கடந்து பாத்தீங்களா என்ன?"

கடைக்காரர் மடித்த படுதாவை மறுபடியும் பிரித்தார். தொங்கிய பையிலிருந்து காகிதத்தை உருவினார். சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"பின்பக்கம் வாங்க, காட்டறேன். அப்படியே அந்த எதிர்க்கடைக்காரரையும் கூப்பிடுங்க."

மனைவி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறி, அவர் தோளில் போட்டாள்.