ஹாலில் முளைத்த கண்ணாடி

பொன்மலையில் அற்புதசாமி, ஆசீர் என்ற அண்ணனும் தம்பியும் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில், ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று கண்ணாடிச் சுவர் முளைத்தது. கீரை முளைப்பதுபோல் சத்தமில்லாமல் முளைத்தது. அதற்கு வித்துப் போட்டவர் தம்பி ஆசீர்தான். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அதற்கு முந்தைய வருஷம் ஸ்ரீரங்கத்தில் கியாசுதீனின் வண்ணமீன் கடையில் ஆளுக்கொரு ஃபைட்டர் மீன் வாங்கியிருந்தார்கள். அண்ணனுக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம். "ரெண்டும் ஆணுங்க. ஒண்ணா விட்டா ஒண்ணு செத்துரும். நடுவுல கண்ணாடி வைங்க. முறைச்சுக்கிட்டே கிடக்கும், ஆனா உசுரோட கிடக்கும்" என்று கியாசுதீன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மாடி கட்டலாமா வேண்டாமா என்று தொடங்கிய வாய்த்தகராறில் சகோதரர்களுக்குள் பேச்சு நின்றது. மீன்கள் செவுளை விரித்துக்கொண்டு தகட்டில் முட்டுவதைத் தினமும் பார்த்த ஆசீர், பாவி மனுஷன், அதைப் பாசம் என்று நினைத்துவிட்டார். இதுகளாவது ஒன்றாக இருக்கட்டும் என்று, ஈஸ்டர் காலைப் பூசைக்குக் கிளம்பும்போது தகட்டை உருவி ஹால் சுவரில் சாய்த்துவைத்தார். திரும்பி வந்தபோது சிவப்பு மீன் வால் கிழிந்து அடியில் கிடந்தது. "வேணும்னே விட்டியாடா?" என்று கேட்டார் அண்ணன். தப்புதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. "ஒரு மீனுதானே, வேற வாங்கித் தரேன்" என்றார் ஆசீர்.

அன்று சாயங்காலமே அந்தத் தகடு தரையில் வேர்விட்டது. ஒரு மாதத்தில் கூரையைத் தொட்டது. சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாய் விற்ற வாரத்தில் சமையலறைக்குள் புகுந்து, அடுப்பை அண்ணன் பக்கமும் சிலிண்டரைத் தம்பி பக்கமும் ஆக்கிவிட்டது. வாசல் அண்ணனுக்கு, கொல்லைக் கதவு தம்பிக்கு. ஆசீர் வேலைபார்க்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் வந்து அடித்துப் பார்த்தார்கள், சுத்தியல்தான் நெளிந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார்; கண்ணாடி முன்னைவிடப் பளிச்சென்றானது. ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போகவில்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் ஆசீர் அதன்முன் நின்று, "தப்பு என்மேலதாண்ணே" என்பார். அண்ணனுக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரியும். திட்டுகிறான் என்று நினைத்து நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். இப்படியே வருஷங்கள் ஓடின. அண்ணன் ரிட்டயர் ஆனார்.

நீல மீனும் ஒருநாள் செத்தது. காலித் தொட்டியின்முன் உட்கார்ந்து ஆசீர் அழுவதைப் பார்த்த அண்ணன், நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார். அன்றிலிருந்து கண்ணாடி இளைக்கத் தொடங்கியது. முதலில் அண்ணனின் இருமல் கேட்டது. பிறகொரு மழைநாளில் ஆசீர் வழக்கம்போலச் சொன்னதற்கு, "கேக்குதுடா" என்று பதில் வந்தது.

ஆசீர் ஓடிப்போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார். இப்போது ஒரு தட்டுத் தட்டினால் போதும். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம்டா. இது இல்லாதப்ப ஒரே வீட்டுல இருந்தும் உன் மூஞ்சிய நான் பாத்ததில்ல. இருக்கட்டும்."

ஆசீருக்கு அந்தத் தகட்டை உருவிய காலை ஞாபகம் வந்தது. சுத்தியலைக் கீழே வைத்தார்.

இப்போது சனிக்கிழமைதோறும் இருவரும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கிறார்கள், அவரவர் பக்கத்தை அவரவர். அண்ணனின் கை எதிரே வரும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும் ஆசீருக்கு. துணியைப் பிழிந்து கொல்லையில் காயப்போட்டுவிட்டு, நாற்காலியைக் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டு உட்காருவார்.