ஒரு லேப்டாப்பில் இரண்டு ஜாவா

அல்லாஹ் அறிய, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

புதுமடத்தில் என் மகன் அப்துல் ஹாதிக்கும் மருமகள் உம்மு ஹபீபாவுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப். இருவரும் குளோஜர் என்ற மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள். அவள் எடிட்டர் என்ற எழுதும் திரையில் எழுதுவாள். அவன் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஓட்டிப் பார்ப்பான். செய்ததைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்குக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் ஹாதி மறுபடி தோஹாவுக்குப் போக வேண்டும். விசா வந்து கிடந்தது.

காட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் கோளாறு வந்தது. எடிட்டரில் ஓடியது டெர்மினலில் ஓடவில்லை. குளோஜர் ஓட அடியில் ஜாவா என்ற இன்னொரு மென்பொருள் வேண்டுமாம்; லேப்டாப்பில் அது பழசும் புதுசுமாக இரண்டு இருந்தது. எடிட்டர் புதிய ஜாவாவை எடுத்தது, டெர்மினலோ பழசைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது.

"டெர்மினல் ஒங்க ராஜ்ஜியம். பழசை வச்சது நீங்கதான்."

"நான் ஏன்டி வைக்கப்போறேன்? எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருக்குறது நீ."

"நானா? மாமா, கேட்டீங்களா?"

அதோடு பேச்சு நின்றது. ஆறு நாள். இருவருக்கும் நடுவில் வைத்த பச்சை மீன் உப்பில்லாமலே கருவாடானது. உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் எங்கள் கூரைக்கு மேலே வரும்போது சத்தத்தை அடக்கிக்கொண்டு போனது.

"வாப்பா, எந்த ஃபைலைத் தொட்டாள்னு அவகிட்டக் கேளுங்க."

"தொடலைன்னு சொல்லுங்க மாமா. அவுக தொட்டதை மொதல்ல சொல்லச் சொல்லுங்க."

மூன்றடி தூரத்துக்குத் தூது நடந்து நடந்தே எனக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. உட்கார்ந்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. தேடினால் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்.

ஏழாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பெங்களூர்க்காரர் திரையில் வந்தார். ஹபீபா எடிட்டரில் ஓட்டிக் காட்டினாள்.

"பிரமாதம். இதையே டெர்மினல்ல ஓட்டுங்க."

ஹாதி தட்டினான். திரை நிறையப் பிழை.

"ஒரே மெஷின்ல ரெண்டு விதமா ஓடுறதை எங்க ஆளுங்ககிட்ட நான் எப்படிக் குடுப்பேன்?" என்றார் அவர். கோபப்படக்கூட இல்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹாதி தோஹா போய்ப் பத்து மாதமாகிறது. வெள்ளிக்கிழமைதோறும் எனக்குத்தான் போன் வருகிறது. "சாப்டாகளான்னு கேளுங்க மாமா" என்பாள் ஹபீபா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பழைய ஜாவாவை எடுக்கச் சொல்லும் ஒரு வரியை, அவர்கள் திறந்து பார்க்காத ஃபைல் ஒன்றில், என் பழைய சதுரங்க விளையாட்டு ஓடுவதற்காக எழுதி வைத்தது நான்.