முகம் கழுவும் நாள்

அந்த வீடியோவில் இருந்த ராட்சசி காஜரியின் புருஷன். தோளில் தொங்கிய சாக்குக்குள் கைகாலை உதறிக்கொண்டு கத்தியது அவர்கள் பெற்ற மகள் ஜும்கி. கேமராவைப் பிடித்திருந்ததும் வேறு யாருமில்லை, காஜரியேதான். ஆனால் பக்கத்து வீட்டு போலா தன் போனில் அதைக் காட்டியபோது படத்துக்குக் கீழே வேறு கதை எழுதியிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் நம் பக்கம் இறங்கிவிட்டது, பொம்பளை வேஷத்தில் திரிகிறார்கள், கண்டால் விடாதீர்கள்.

"நேத்துலருந்து எல்லார் போன்லயும் இதேதான் பௌதி. ஆத்துக்கு அந்தப் பக்கம் எவனோ ஒரு அப்பாவியை மரத்துல கட்டிவெச்சு அடிச்சிருக்கானுங்க. பொழைக்கறது கஷ்டம்ங்கறாங்க," என்றான் போலா. காஜரி அவனுக்குப் பௌதி, அண்ணி முறை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "சுதாம்தா எங்க?"

அவள் புருஷன் சுதாம் வீட்டில் இல்லை. வேஷம் கட்டிக்கொண்டு காங்குட்டியா சந்தைப் பக்கம் போயிருந்தான். போனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். போலீஸ் தாரோகாவாக மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும்போது இடுப்பில் சினிமாப் பாட்டு அடித்தால் வேஷம் நாறிவிடும் என்பான்.

ஊர் ஊராக வேஷம் கட்டித் திரிகிற பஹுரூபி பிழைப்பே அப்படித்தான். ஒரு வட்டாரத்துக்குள் நுழைந்தால் கடைசி நாள் வரைக்கும் தான் யார் என்று மூச்சு விடக்கூடாது. எதிரே பெண்டாட்டி வந்தாலும் யாரோ எவளோ என்று தாண்டிப் போக வேண்டும், அவளும் அப்படியே போக வேண்டும். கடைசி நாள் குளத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெறும் முகத்தோடு வாசல் வாசலாகப் போய், 'உங்களை மிரட்டினது நான்தான் தாயே' என்று நிற்க வேண்டும். ஏமாந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரித்த கையோடு அரிசி அள்ளிப் போடுவார்கள்.

இந்த நியாயத்தைத்தான் காஜரி தாங்கள் எடுத்த படத்துக்கும் பேசினாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

கொல்கத்தாவில் மானுடவியல் படித்த தேபலீனா இவர்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக வந்து போகிறவள். பார்த்தோம், எழுதினோம், கிளம்பினோம் என்கிற ஜாதியில்லை. 'உங்க படத்த நீங்களே எடுங்க, நான் கூட நிக்கறேன்' என்று கேமராவைத் தூக்கிக் காஜரி கையில் கொடுத்துவிட்டாள். எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்பதைக்கூட முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்துதான் முடிவு செய்தார்கள். ராட்சசிக் காட்சி முடிகிற இடத்தில் ஜும்கி சாக்கிலிருந்து தலையை நீட்டி, அப்பாவின் பொய் மூக்கைப் பிடுங்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிப்பாள். அது அங்கேயே இருக்கட்டும் என்றாள் தேபலீனா. காஜரிதான் சண்டைக்கு நின்றாள். 'பாதியிலயே மூஞ்சியக் காட்டிட்டா அது என்ன பஹுரூபி படம், தீதி? நாங்க கடைசி நாள்தான் முகம் கழுவுவோம். படமும் கடைசியிலதான் கழுவணும்.' தெருவே கைதட்டியது. சிரிப்பை வெட்டி எடுத்துப் படத்தின் கடைக்கோடியில் ஒட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டிக் காட்டியபோது, கூட்டத்தில் எவனோ ஒரு புண்ணியவான் ராட்சசியை மட்டும் தன் போனில் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

காஜரி தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காக்கிச் சட்டை இல்லை, தொப்பி இல்லை. ராட்சசியின் முடிக்கற்றை அடியில் அப்படியே கிடந்தது. கொஞ்சம் உயிர் வந்தது. ஜும்கியைப் போலாவின் அம்மாவிடம் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு ஒரு போனில் ஜும்கி கத்திக்கொண்டிருந்தாள்.

தேபலீனா போனில் வந்தாள். "பௌதி, தனியாப் போகாதீங்க. ஸ்டேஷனுக்குப் பேசிட்டேன்."

"ஆள் அனுப்பறாங்களா?"

"பாக்கறோம்னு சொன்னாங்க."

"அவங்க பாக்கறதுக்குள்ள நான் போயிப் பாத்துடறேன் தீதி."

"முழுப் படத்தையும் இப்பவே எல்லாருக்கும் அனுப்பறேன். பார்த்தா புரிஞ்சுக்குவாங்க." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"ஒரு மணி நேரப் படத்த எவன் தீதி உக்காந்து பாப்பான்? அடிக்கறதுக்கு அவனுங்களுக்கு அரை நிமிஷம் போதும்."

காங்குட்டியா சந்தையில் கத்தரிக்காய்க் குவியல்கள் ஆளில்லாமல் கிடந்தன. பொரி விற்கிறவள்கூடக் கூடையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சந்தை மொத்தமும் மீன் கொட்டகைப் பக்கம் திரண்டு நின்றது. இடித்துப் புகுந்த காஜரிக்கு முதலில் கண்ணில் பட்டது புருஷன் இல்லை. சடைமுடியோடு ஒரு ஒடிசலான ஆள் தரையில் குந்தியிருந்தான். குளிருக்கோ எதற்கோ ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருந்தான். பக்கத்தில் கந்தல் திணித்த சாக்கு. உதடு கிழிந்து ரத்தம் ஒழுகியது. என்ன கேட்டாலும் பதில் இல்லை. சேலை, சாக்கு, வாய் திறக்காத ஆள், இதற்கு மேல் அந்தக் கூட்டத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவே, பிரம்பை நீட்டிக்கொண்டு தாரோகா நின்றான்.

"தள்ளுங்க தாரோகா பாபு. அஞ்சு நிமிஷம் எங்ககிட்ட விடுங்க. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?" என்றான் கைலியை மடித்துக் கட்டிய மீன்காரன்.

"கை வெச்சவன் கைய ஒடிச்சிருவேன்! கேஸ் என்னுது, விசாரணையும் என்னுது. நீ போயி உன் அழுகின கெண்டைய வித்து முடி."

சுதாமின் தாரோகா சிரிக்க வைக்கிற தாரோகா. தும்மினால் அபராதம் போடுவான், நாயைக் கைது செய்வான். வயிற்றில் வைக்கோல் தலையணை கட்டிக்கொண்டு நடந்தாலே பிள்ளைகள் பின்னால் ஓடிவரும். இன்று அந்தத் தொப்பையைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. நிஜ தாரோகா என்றே நம்பிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவன் வேஷம் இவ்வளவு பலித்ததில்லை. பாவி மனுஷன், தன் உயிருக்குத் தப்பி ஓட வேண்டியவன், யாரோ ஒருத்தனுக்காகப் பிரம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று காஜரிக்கு ஆத்திரமும் வந்தது, அவன்மேல் ஆசையும் வந்தது.

"ஜீப்பைக் காணோமே பாபு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஜீப்பு என்ன உங்கப்பன் குடுத்த சீதனமா, கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வர? பின்னால வருது."

குரலின் அடியில் இருந்த நடுக்கம் காஜரிக்கு மட்டும் கேட்டது. மீசையின் ஒரு நுனி வியர்வையில் தூக்கிக்கொண்டிருந்தது. புருவத்தில் தீட்டிய கறுப்பு கன்னத்தில் கோடு போட ஆரம்பித்திருந்தது. அவன் கண் ஒருமுறை அவள் மேல் பட்டு, நிற்காமல் தாண்டிப் போயிற்று.

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் அவள் இத்தனை தூரம் வந்தாள். கூப்பிட்டால் வேஷம் கலையும். கலைந்தால் குந்தியிருக்கிறவனும் போவான், நிற்கிறவனும் போவான்.

அவர்கள் குலத்தில் பெண்கள் வேஷம் கட்டுவதில்லை. சாயம் அரைப்பார்கள், சட்டை தைப்பார்கள், அவ்வளவுதான். காஜரி கொண்டையை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு போய், குந்தியிருந்தவன் முன்னால் விழுந்தாள்.

"ஐயோ, இங்கயா வந்து உக்காந்திருக்க! உன்னைத் தேடி நான் ஏறி எறங்காத ஊர் இல்லையே!" அவன் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என் புருஷன் பாபு. புத்தி சரியில்ல. அந்தச் சேலையும் என்னுதுதான். கொடியில காஞ்சதத் தூக்கிட்டு வந்துடுச்சு. புள்ளகுட்டிக்காரி நான், விட்டுடுங்க சாமி!"

தாரோகா பிரம்பால் தரையில் அடித்தான்.

"ஏம்மா, கட்டின புருஷனைக் காபந்து பண்ணத் தெரியாதா உனக்கு? கூட்டிக்கிட்டு ஓடு! இன்னொரு தரம் இந்தச் சந்தையில பாத்தேன், உன்னையும் சேத்து உள்ள வெச்சிருவேன்!"

"பாவம்டா, விடுங்கடா," என்று யாரோ ஒரு கிழவர் சொன்னார். கூட்டம் மனசில்லாமல் வழி விட்டது. யாரென்றே தெரியாத ஒருத்தனின் இடுப்பை அணைத்துக்கொண்டு, தன் புருஷனைக் கூட்டத்தின் நடுவே விட்டுவிட்டு, காஜரி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிற்கிற இடம் வரை போய்விட்டால் போதும், அவனும் எப்படியாவது நழுவி வந்துவிடுவான் என்று சொல்லிச் சொல்லியே காலை எடுத்து வைத்தாள்.

கைக்கு வந்தது நழுவிப்போன எரிச்சலில் கூட்டம் தாரோகா பக்கம் திரும்பியது. "எந்த ஸ்டேஷன் பாபு நீங்க? நம்ம ஸ்டேஷன்ல உங்களப் பாத்ததில்லையே?" என்று கேட்டது காஜரியின் காதில் விழுந்தது. அடுத்து, "மீசை! அட, மீசையப் பாருங்கடா!"

பிறகு சுதாமின் சொந்தக் குரல் வந்தது. தாரோகாவின் தொண்டை இல்லை, வீட்டில் பேசுகிற குரல்.

"உங்கள மிரட்டினது நான்தான், தாயே, ஐயா. நான் பஹுரூபி. பேரு சுதாம். குத்தமிருந்தாப் பொறுத்துக்கிட்டு, ஒரு தரம் சிரிச்சிடுங்க."

காஜரி நின்றாள். சிரிப்பு வர வேண்டும். சில ஊர்களில் கொஞ்சம் தாமதமாக வரும். முதலில் ஒருத்தர் தொடங்க வேண்டும், அப்புறம் எல்லாருக்கும் தொற்றிக்கொள்ளும். காத்திருந்தாள். சிரிங்கடா, யாராவது ஒருத்தன் சிரிங்கடா என்று வாய்விட்டே சொன்னாள்.

"வேஷக்காரனா நீ?" என்றான் மீன்காரன். "அந்த வீடியோவுல இருக்கறவனும் வேஷக்காரன்தானே? டேய், அத எடு. மூக்க விடு, கண்ணப் பாரு. தாடையப் பாரு. இவன்தாண்டா அது!"

இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான்.

பக்கத்தில் இருந்தவனை உதறிவிட்டு அவள் ஓடினாள். முதுகுகளைப் பிறாண்டிக்கொண்டு உள்ளே புகுந்தாள். சுதாம் மண்டியிட்டிருந்தான், தலையணை கிழிந்து வைக்கோல் சிதறிக் கிடந்தது.

"விடுங்கடா அவரை! அவர் என் புருஷன்!"

மீன்காரன் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இவனா? இப்பத்தான அந்தப் பைத்தியக்காரன உன் புருஷன்னு கூட்டிக்கிட்டுப் போன?"

"அது பொய். இதுதான் நெசம். சத்தியமா நெசம். அது படம்யா! நாங்களே எடுத்த படம்! நான்தான் எடுத்தேன்!"

"வீடியோ எடுத்தது நீயா?"

"ஆமா! மூட்டையில இருக்கறது எங்க புள்ள! நான்தான் அதை மூட்டையில கட்டினேன், நான்தான்..."

சொல்லச் சொல்லத்தான் தன் காதிலேயே அது எப்படி விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னதெல்லாம் உண்மை. அதைவிட வேறு உண்மை அவளிடம் இல்லை.

"கேட்டுக்கிட்டீங்களாடா? அவளே ஒத்துக்கறா," என்றான் மீன்காரன்.

முதல் தடி யார் முதுகை நோக்கி இறங்கியது என்று காஜரி பார்க்கவில்லை. அதற்குள் அவள் அவன்மேல் விழுந்திருந்தாள்.