கம்பி கட்டிய பொத்தான்

எரிபெர்த்தோவுக்கு வெந்நீர் வராவிட்டால் நெலிதாவுக்கு அடி விழும். கல்யாணமாகி ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை.

அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் கேஸ் கீசருக்குத் தொட்டி கிடையாது. உள்ளே ஒரு சின்னச் சுடர் எந்நேரமும் எரியும். குழாயைத் திறந்தால் அதிலிருந்து பர்னர் பற்றிக்கொள்ளும். தல்காவானோ துறைமுகத்தின் கடற்காற்றில் அந்தச் சுடர் அடிக்கடி அணையும், உடனே கேஸும் தானாக நின்றுவிடும். அந்த ஏற்பாட்டினால்தான் வீடு வீடாக இருந்தது. எரிபெர்த்தோவுக்கோ அது பெரிய தொல்லை. ஞாயிற்றுக்கிழமை, சுடருக்குக் கேஸ் விடும் பொத்தானை அமுக்கிக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டான். "இனிமே எப்படி நிக்குதுன்னு பாக்குறேன்" என்று மார்தட்டினான். அவர்கள் குடியிருந்த மேட்டில் பாதி ஆண்பிள்ளைகள் செய்கிற கோணல் வேலைதான்.

செவ்வாய் மாலை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த நெலிதாவுக்கு வாசலிலேயே கேஸ் நாற்றம் அடித்தது. சுடர் அணைந்திருந்தது, பொத்தானைக் கட்டியிருந்ததால் கேஸ் நிற்கவில்லை. உள்ளறையில் மூன்று வயது மைத்தே தூங்கிக்கொண்டிருந்தாள். நெலிதா கொல்லைக்கு ஓடி சிலிண்டரை மூடினாள், கதவுகளைத் திறந்தாள். குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு வந்தான் எரிபெர்த்தோ, கையில் தீப்பெட்டி.

"தண்ணி ஐஸா கொட்டுது! கதவ எதுக்குடி தொறந்து போட்டே?"

"உரசாதய்யா! தரையெல்லாம் கேஸு. புள்ள உள்ள தூங்குது!"

"எனக்கு ஒண்ணும் நாறல."

எப்படி நாறும்? பதினோரு வருஷம் மீன்மாவு ஆலையில் நின்ற மூக்கு அது.

பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரை மொண்டு தீப்பெட்டியும் நனையும்படி அவன்மேல் ஊற்றினாள். முதல் குத்தில் அவள் பல் உடைந்தது. முடியைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதினான். விலாவில் மிதித்தான். நெலிதா ஓடவில்லை. அவனுடைய இரண்டு கையும் தன்மேல் இருக்கும்வரை வீட்டில் தீ இல்லை, அதற்குள் காற்று கேஸை வெளியே தள்ளிவிடும் என்று கணக்குப் போட்டாள்.

"அவ்வளவுதானா? உங்காத்தா இதவிட நல்லா அடிப்பாளே!" என்றாள் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு.

அவன் இன்னும் அடித்தான். பிறகு களைத்துப்போனான். களைத்தவன் ஜன்னல் விளிம்பிலிருந்து சிகரெட்டை எடுத்து வாயில் வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தான்.

தரையில் இன்னும் நாற்றம் இருந்தது. அடுப்பிலிருந்த இரும்புக் கெண்டியை எடுத்து அவன் பொட்டில் ஓங்கி அடித்தாள். லைட்டர் உருண்டது. அவன் முட்டி மடங்கியது. இன்னொரு அடி போட்டாள். அதற்கும் மேலே ஒன்று, அது கேஸுக்காக இல்லை.

மைத்தேயைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போகையில் ஒரு கணம் நின்று குனிந்து பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.