இரண்டு பேருக்கும் சேர்த்து நடந்தவள்

காலையில் கண் விழித்ததும் பெரியவளுக்கு வரும் முதல் உணர்ச்சி எரிச்சல். அலாரம் அடிப்பது சின்னவளின் கைப்பேசியில். எழுந்து போய் அதை நிறுத்துவது பெரியவள். சின்னவளோ தலையணைக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவள் போலக் கிடப்பாள்.

இருவரும் அக்கா தங்கை பெற்ற பெண்கள். அம்மாவும் சித்தியும் கூடிப் பேசி, இரண்டு பேரையும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே விடுதியில், ஒரே அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பெரியவள் மூத்தவள் என்றால் சில மாதங்கள்தான் மூத்தவள். அதற்கே இத்தனை தண்டனை. "அவள கொஞ்சம் பாத்துக்கம்மா, நீதான் பொறுப்பானவ" என்று சித்தி போனில் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியைப் பொறுப்பானவள் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவள் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

இந்த லட்சணத்தில் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஒரு கல்லைத் தூக்கிப் போட்டது. மாணவர்களுக்கு அன்றாட வேலைகளில்கூட ஊக்கமில்லை என்று மேலிடத்தில் யாரோ கவலைப்பட்டார்களாம். உடனே 'நலவாழ்வு' என்றொரு கட்டாயப் பாடம் வந்தது. வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது, கைப்பேசியில் ஒரு செயலி மட்டும். எழுந்தாயா, படுக்கையைச் சரிசெய்தாயா, சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா, நடந்தாயா என்று அது கேட்கும். ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் போட வேண்டும். முகம் மட்டும் தெரியக் கூடாது. படத்தைப் போட்டதும், 'இதை ஏன் செய்தீர்கள்?' என்று இன்னொரு கேள்வி. 'பிடித்திருந்தது' என்றால் முழு மதிப்பெண், 'செய்ய வேண்டியிருந்தது' என்றால் பாதி. ஒரே அறையில் இருப்பவர்கள் ஜோடி. ஒருத்தி போட்டதை மற்றவள் உறுதிசெய்ய வேண்டும். இருவரில் யாருடைய மதிப்பெண் குறைவோ, அதுதான் இருவருக்கும்.

அந்தக் கடைசி விதியைப் பெரியவள் மறுபடியும் படித்தாள். துறையில் முதலாவதாக வருபவருக்கு ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுப் பயிற்சி இடம் உண்டு. அதற்காகத்தான் முதலாண்டிலிருந்தே அவள் மாடாய் உழைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது சின்னவள் பல் தேய்ப்பாளா மாட்டாளா என்பதில் வந்து தொங்கியது.

"எந்திரிடி."

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? எந்திரிக்கிறியா இல்லயா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

அந்த ஐந்து நிமிடம் மதியம்வரை நீளும். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், சித்தியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தாள். கரடியாய்க் கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "உனக்கென்ன, படுத்துக் கெடக்கறதுக்கே பொறந்தவ. நான்தானே சாகணும்" என்று ஒருநாள் கத்திவிட்டு, சின்னவளின் கைப்பேசியைக் கேட்டாள். அவள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்து நீட்டினாள். பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொன்னாள்.

இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி கைப்பேசியை நாள் முழுக்க இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்றால், அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். பெரியவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாடா, வேலை சுலபமாகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

அன்றிலிருந்து அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து வாழ ஆரம்பித்தாள். தூங்குகிறவளைத் தன் கட்டிலுக்கு உருட்டிவிட்டு, அவளுடைய விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் படம் பிடிப்பாள். படம் போனதும் திருப்பி உருட்டுவாள். உணவுக்கூடத்தில் தன் தட்டை ஒரு பக்கமிருந்து தனக்காகவும் மறுபக்கமிருந்து சின்னவளுக்காகவும் படம் எடுப்பாள். சாயங்காலம் சட்டையின் இரண்டு பைகளிலும் ஆளுக்கொரு கைப்பேசியைப் போட்டுக்கொண்டு, விளையாட்டுத் திடலைப் பல்லைக் கடித்தபடி சுற்றுவாள். 'இதை ஏன் செய்தீர்கள்?' என்று இரண்டும் கேட்கும். 'பிடித்திருந்தது' என்று இரண்டிலும் அழுத்துவாள். எந்தப் பாவி இதைக் கண்டுபிடித்தானோ அவன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே அடுத்த சுற்றை நடப்பாள். நடந்து நடந்து அவளுக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

செயலியில் சின்னவளின் கட்டங்களெல்லாம் பச்சையாயின. பாடத்தை நடத்தும் விரிவுரையாளர், இந்த ஜோடியைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று துறை முழுவதற்கும் செய்தி அனுப்பினார்.

பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பெரியவள் மதியம் அறைக்கு வந்தாள். சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கையில் பல் துலக்கும் பிரஷ். அதன் மேல் பற்பசை காய்ந்து வெடித்திருந்தது.

"என்னடி இது, எப்ப எடுத்தது?"

"காலையில."

"காலையிலிருந்து இப்படியேவா உக்காந்திருக்க?"

"எந்திரிச்சுப் போகணும்னுதான் பாக்கறேன். கால் வர மாட்டேங்குது." சின்னவள் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு என்னமோ சரியில்லக்கா. சோம்பேறித்தனம்னு நானும் நெனச்சேன். அது இல்ல. யாரையாவது பாக்கணும்."

பெரியவளின் வாயில் முதலில் வந்தது, 'இப்பவா? இன்னும் ஒரு வாரம்தானே இருக்கு' என்பதுதான். நல்லவேளை, அது வெளியே வரவில்லை. சின்னவளின் தலைமுடி பின்பக்கம் சிக்குப் பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. தினமும் உருட்டிப் புரட்டிய உடம்புதான், இத்தனை நாளும் அவள் கண்ணில் அது படவேயில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தாலும் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். "செருப்பப் போடு, நட" என்று அதட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

நலவாழ்வு மையத்தின் முன்மேசையில் இருந்த அம்மாள், சின்னவளின் எண்ணைக் கணினியில் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க பச்சையில இருக்கீங்கம்மா. சிவப்புல இருக்கறவங்களத்தான் இப்ப உள்ள அனுப்பறோம். பச்சைக்கெல்லாம் அடுத்த மாசம்."

"அவளப் பாத்தா நல்லா இருக்கற மாதிரியா தெரியுது?" என்றாள் பெரியவள்.

"பாத்தெல்லாம் சொல்லக் கூடாதும்மா. அதுக்குத்தானே கம்ப்யூட்டர வச்சிருக்காங்க." அந்த அம்மாள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "தினமும் நடக்கறீங்க, வேளைக்குச் சாப்பிடறீங்க. பிடிச்சுத்தான் செய்யறேன்னு நீங்களே போட்டிருக்கீங்க. சரிதானே?"

"ஆமா" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னவளை ஓரமாக இழுத்து, "ஏண்டி ஆமாங்கற? உனக்கென்ன பைத்தியமா?" என்று பல்லிடுக்கில் சீறினாள்.

"நீ இவ்வளவு கஷ்டப்பட்டு நடந்தியேக்கா. நான் உண்மையச் சொன்னா உன் இடம் போயிடும்ல? விடு, போலாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

நிற்கக்கூடத் தெம்பில்லாதவள் இதை மட்டும் யோசித்து வைத்திருக்கிறாள். பெரியவளுக்கு அவளை ஓர் அறை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று புரியவில்லை. இரண்டையும் செய்யாமல் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

"அதெல்லாம் அவ இல்லைங்க. நடந்தது நான், தின்னது நான், படுக்கையச் சரிபண்ணினது நான். அவ பேர்ல ஒண்ணுவிடாம நான்தான் போட்டேன். அவ எந்திரிக்கவே இல்ல."

அந்த அம்மாளின் சிரிப்பு மறைந்தது. "இத நான் பதிவு பண்ணினா பாடத்துல ரெண்டு பேருக்கும் பூஜ்யம் விழும், தெரியுமில்ல? உங்க ஜோடியப் பத்தித்தானே அந்தச் செய்திகூட வந்துச்சு?"

தெரியும். ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவு, தினமும் அதைத் தாண்டிப் போகையில் தனக்கென்று பார்த்து வைத்த ஜன்னலோர மேசை எல்லாம் ஒரு நொடி கண்ணில் வந்தன. போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"தெரியும்ங்க! எத்தன தடவ சொல்றது? சீக்கிரம் தட்டுங்க!"

அந்த அம்மாள் தட்டினாள். வரிசையாக இருந்த பச்சையெல்லாம் சிவப்பாயிற்று. "உள்ள டாக்டர் இருக்காங்க, போங்க" என்று நடைபாதையின் கடைசிக் கதவைக் காட்டினாள்.

பெரியவள் பழக்கதோஷத்தில் சின்னவளின் முதுகில் கை வைத்துத் தள்ளப் போனாள்.

"நீ இங்கயே இரு அக்கா" என்றாள் சின்னவள். "நானே போறேன்."

"நீயா? நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க வீட்டுக்குக் கெளம்பிடுவாங்க."

"பரவால்ல. நானே போறேன்."

சுவரோரம் இருந்த நாற்காலியில் பெரியவள் தொப்பென்று உட்கார்ந்தாள். சின்னவள் நடந்தாள். அதை நடை என்று சொல்வதே தப்பு. பாதி வழியில் நின்றாள், சுவரில் கை வைத்தாள், கீழே குனிந்து எதையோ பார்த்தாள். பெரியவளின் கால்கள் பரபரத்தன. ஓடிப்போய் ஒரே தள்ளாகத் தள்ளி உள்ளே விட்டுவிடலாம், ஒரு நிமிட வேலை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். சனியனே, நடந்து தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினாள். சின்னவள் மறுபடியும் ஓர் அடி எடுத்து வைத்தாள், பிறகு இன்னொன்று. கதவருகே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்புறம் கையைத் தூக்கி, அவளே தட்டினாள்.