தோழனின் முறை

பெண்குதிரை எப்போது இணை சேரத் தயாராக இருக்கிறது என்பதை நம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். பகல் நீளும் மாதங்களில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சில நாட்களுக்கு மட்டும் அதற்கு மனம் வரும். அதை மனிதரிடம் காட்டாது, இன்னொரு குதிரையிடம்தான் காட்டும். அதனால் பண்ணைகளில் கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆண்குதிரை வைத்திருப்பார்கள். நெஞ்சுயரப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்குதிரை, இந்தப் பக்கம் இது. பெண்குதிரை காதை மடக்கிக் கத்தினால், பலகையை உதைத்தால், இன்னும் நாள் வரவில்லை. வாலை ஒதுக்கித் தடுப்பில் சாய்ந்து நின்றால் சரி. சரி என்று தெரிந்த உடனே கேட்கப் போன குதிரையை இழுத்துப் போய்க் கட்டிவிட்டு, விலை உயர்ந்த குதிரையைக் கூட்டி வருவார்கள். உதை வாங்க ஒன்று, பேர் வாங்க ஒன்று.

இந்தப் பண்ணையில் பேர் வாங்கியது ராஜா. உதை வாங்கியதை மாப்பிள்ளைத் தோழன் என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு வெறும் தோழன் ஆக்கிவிட்டார்கள். இனம் ராஜாவுடையதேதான், ஆனால் குட்டைக் கால், கனத்த மண்டை, சேற்றில் புரண்ட நிறம். வண்டிக்காரர் ஒருவர் தொழிலை விட்டபோது வேண்டா வெறுப்பாக வாங்கி வந்தது.

இன்று காலையும் தோழன் தடுப்பருகே போய் மெல்லக் கனைத்தது. சாம்பல் நிறப் பெண்குதிரை வாலை ஒதுக்கிச் சாய்ந்து நின்றது. லாயக்காரன் தடுப்பின் கதவை அகலத் திறந்தான். தோழன் கதவைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, திரும்பியது. யாரும் இழுக்காமலே தன் கொட்டிலுக்கு நடந்து போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

மூன்று நாட்களாக இதே கதை.

"கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, செருப்பத் தேடிக் கிளம்புற ஆளு மாதிரி இருக்கு இது," என்றார் வேலியில் சாய்ந்திருந்த அத்தான். லாயக்காரனுடைய அக்காவின் கணவர். பண்ணை அக்காவும் அத்தானும் நடத்துவது.

"சிரிக்காதீங்க அத்தான்."

"சிரிக்கல மச்சான். அழறதுக்குத் தெம்பில்ல, அதான்."

அவர் சொன்னது உண்மைதான். இந்த இனத்துக் குதிரைகள் இப்போது உலகத்தில் சில நூறுதான் மிச்சம். லாடம் கேட்காத குளம்பு, காய்ந்த புல்லே போதும் என்கிற வயிறு. ஆனால் எல்லாரும் அழகான ராஜாவையும் அதன் அப்பனையும் தேடிப் போனதில், அந்தச் சில நூறும் ஏறக்குறைய ஒரே குடும்பமாகிவிட்டது. பிடரி மயிரை வேரோடு பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பிய டாக்டரம்மா இதை ஜெராக்ஸை வைத்து விளக்கினார். ஒவ்வொரு குட்டிக்கும் உடம்பைக் கட்டும் புத்தகம் இரண்டு பிரதி கிடைக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பனிடமிருந்து ஒன்று. ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் பெரும்பாலும் மற்றதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கிழிந்த புத்தகத்தின் ஜெராக்ஸ் என்றால்?

போன வருடம் ராஜாவுக்கும் ராஜாவின் பேத்திக்கும் பிறந்த குட்டிக்குப் பின்னங்கால்கள் நிற்கவே இல்லை. அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு போய்ப் புதைத்தவன் லாயக்காரன். ஈரம் காயாத அந்த உடம்பில் கனமே இல்லை. இன்னொரு தடவை அந்த வண்டியைத் தள்ளத் தன்னால் ஆகாது என்று அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டான்.

சோதனை முடிவில் ராஜாவின் குடும்பத்தோடு ஒட்டாத புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தோழனுடையது. அதனால்தான் இந்த முறை கதவு அதற்காகத் திறந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்கா வந்தாள். "மறுபடியுமா?"

"மறுபடியும்."

"டாக்டரம்மா விந்தைக் குழாயில எடுத்து சாம்பலுக்கு ஏத்தலாம்னு வந்தப்பவும் இப்படித்தானே நின்னுச்சு. அதுக்கும் ஏறினாத்தானே எடுக்க முடியும்." அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "பகல் குறைய ஆரம்பிச்சாச்சுடா. சாம்பலுக்கு இந்த வருஷம் இதுதான் கடைசித் தடவை. தோழன் அடுத்த வருஷம் இருக்குமோ என்னமோ, பல்லெல்லாம் தேஞ்சு போச்சு."

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்," என்றார் அத்தான். "இல்லன்னா ராஜாவை விட்டுட வேண்டியதுதான். சினை இல்லாத குதிரைக்கு ஒரு வருஷம் தீனி போட நம்மால முடியாது."

  மூவருக்குமே உட்கார வேண்டும் போலிருந்தது, யாரும் உட்காரவில்லை.

குதிரை கயிற்றுக்குப் பணிகிறது என்று நாம் நினைக்கிறோம். முதல் சில நாட்கள்தான் அப்படி. பிறகு கயிறு இறுகுவதற்கு முன்னால் வரும் சின்ன அடையாளத்தை அது படித்துவிடும். கைமுட்டி அசைவது, மூச்சை இழுப்பது, தோள் திரும்புவது. இழுபடுவதற்கு முன்பே திரும்பிவிட்டால் வாய் வலிக்காதே. பத்து வருடத்துக்கு மேலாகப் பெண்குதிரை வாலை ஒதுக்கிய நொடியில் தோழனைத் திருப்பியவன் லாயக்காரன்தான். நேற்று கயிற்றைக் கழற்றிப் பார்த்தான், பலனில்லை. இன்று கதவைத் திறந்தபோது தன் இடது தோள் எந்தப் பக்கம் போனது என்பதை இப்போதுதான் யோசித்தான். கொட்டில் பக்கம். அவன் சொல்லாமலே தோள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அக்கா, கயிறு இல்ல. நான்தான்."

"என்னடா உளர்ற?"

"அது என்னைப் பார்த்துத்தான் திரும்புது. நான் இங்க நின்னா வேண்டாம்னு அர்த்தம். நீ சாம்பலைப் பிடிச்சுக்கோ. அத்தான் கதவைத் திறக்கட்டும். நான் போயிடறேன்."

"எனக்கு ஆண்குதிரைன்னாலே பயம்னு தெரியும்ல?"

"தோழனுக்கும் பயம்தான். ரெண்டு பேரும் சமாளிங்க."

"உதை விழுந்தா?" என்றார் அத்தான்.

"இத்தனை வருஷம் அது வாங்கிச்சு. ஒண்ணு நீங்க வாங்குங்க."

அவன் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போய், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தான். பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தான். முதலில் மெல்லிய கனைப்பு. கதவின் கீல் கிறீச்சிட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. போய்ப் பார்க்கத் துடித்த கால்களைக் கையால் அழுத்திக்கொண்டான். அத்தான் ஏதோ கத்தினார். குளம்புகள் மண்ணில் புரண்டன. மறுபடி அமைதி.

உடம்பு அசந்து கண் சொருகியபோது, பக்கத்தில் வெப்பமான மூச்சு. தோழன் கொட்டகையைச் சுற்றித் தானாகவே வந்து நின்றிருந்தது. நெஞ்செல்லாம் வியர்வை. எப்போதும் போலக் கட்டுவதற்குக் கழுத்தை நீட்டியது. முடித்துவிட்டு வந்ததா, வழக்கம்போலத் திரும்பி வந்ததா என்று அதன் முகத்தைப் பார்த்து அவனால் சொல்ல முடியவில்லை.

அக்கா பின்னாலேயே வந்து வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்தாள். 

"ஆச்சு."

"நெஜமாவா?"

"அத்தானைக் கேளு. காலை மிதிச்சுடுச்சு, அங்க நொண்டிக்கிட்டு இருக்கார்."

அவன் சிரிக்கப் பார்த்தான், வெறும் மூச்சுதான் வந்தது. சினை பிடிக்க வேண்டும். பிடித்தாலும் பதினோரு மாதம் தங்க வேண்டும். நல்லபடியாகப் பிறந்தாலும், ஒரு குட்டிக்குத் தோழனிடமுள்ள இரண்டு பிரதியிலிருந்தும் கலந்து பாதிப் பக்கங்கள்தான் போகும். எந்தப் பாதி என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. மிச்சப் பாதியில் பெரும்பங்கு கிடைக்க இன்னும் நாலைந்து குட்டிகளாவது வேண்டும்.

"நாளன்னைக்கு இன்னொரு தடவை விடணும்," என்றாள் அக்கா.

"விடுவோம். நான் இங்கதான் உட்காரணும்."

தோழன் இன்னும் கழுத்தை நீட்டியபடியே நின்றது. தடவிக் கொடுக்கப் போன கையை அவன் பாதியில் இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டான். இந்தக் கை அதனிடம் என்ன சொல்லும் என்று இனி அவனுக்கே நிச்சயமில்லை.

"நீ கட்டுக்கா," என்றான்.

அக்கா எழுந்து, பயந்து பயந்து, கயிற்றை எடுத்தாள்.