கார்மினேயின் சிமெண்ட் முற்றம், அடியில் ஓர் அத்தி வேர்

1

இந்தக் கதை ஒரு குமிழியிலிருந்து பிறந்தது. பக்கத்து வீட்டு நுன்சியாத்தாவின் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சலவை இயந்திரம் தண்ணீரை வெளியே தள்ளியது. உடனே, ஆளில்லாத கழிப்பறைக்குள் ‘குளுக்’ என்று ஒரு சத்தம்.

"பேய்" என்றாள் நுன்சியாத்தா.

"காத்து" என்றேன்.

கதைக்குப் பேய்தான் நல்லது, தெரியும். ஆனால் காற்றை விளக்காமல் என்னால் இருக்க முடியாது. அதனால் முதல் தொடக்கம் இப்படி வந்தது:

அடிலெய்டின் பிப்ரவரி வெயிலில் தக்காளிகள் பழுத்துக்கொண்டிருக்க, மண்ணுக்கடியில் ஓர் இருண்ட மர்மம்—

வேண்டாம். மர்மம் ஏதுமில்லை, குழாய்தான் இருக்கிறது. வீட்டின் எல்லாக் கழிவுநீரும் ஒரே குழாயில் சேர்ந்து தெருவுக்குப் போகிறது. அந்தக் குழாய் பாதி அடைத்துக்கொண்டால், பாய்ந்து வரும் தண்ணீர் முன்னாலிருக்கும் காற்றைத் திருப்பி அனுப்பும். காற்று அகப்பட்ட ஓட்டை வழியே வெளியேறும். அதுதான் ‘குளுக்’. குழாய் நமக்குத் தரும் முதல் எச்சரிக்கை அது. அதைக் கேட்டவுடன் ஆளைக் கூப்பிட வேண்டும்.

நுன்சியாத்தா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

2

(இங்கே கார்மினே வர வேண்டும். அவரைப் பூனைபோல மெதுவாக நுழைய விடலாமா என்று யோசித்தேன். சிமெண்ட் போடும் மனிதர் எங்கும் மெதுவாக நுழைவதில்லை.)

கார்மினே நுன்சியாத்தாவின் கணவர். வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சிமெண்ட் தளம் போட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு ஊருக்குத்தான், சொந்த வீட்டு முற்றத்துக்கு இல்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு தளம். பேரனுக்கு ஞானஸ்நானம் என்றால் அதன்மேல் இன்னொரு தளம். முற்றத்தில் மண் தெரிவது ஒரே இடத்தில்தான், அத்திமரத்தின் அடியில்.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கை கழுவி முடித்த நேரத்தில், குளியலறைத் தரையின் வடிகால் வழியாகச் சாக்கடை மேலேறியது. பிளம்பர் பிரான் வந்தாள். பெரிய தோள், பெரிய வாய்.

"என்ன பெரியவரே, இது முத்தமா, விமானம் எறங்குற எடமா?"

"வேலையப் பாரும்மா."

"பாக்கலாம். குழாயத் தொறந்து பாக்குற மூடி எங்க?"

கார்மினே காலால் தரையைத் தட்டினார். "இதுக்குக் கீழ."

"அதுக்கும் கீழ?"

"இன்னொரு தளம்."

பிரான் சிரித்த சிரிப்பு என் வீட்டுக்குக் கேட்டது. நான் வேலியருகே போய்விட்டேன். வேறு வழியில்லாமல் அவள் கழிப்பறைப் பீங்கானைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கேமராவை அனுப்பினாள். திரையில் பழைய சுட்டமண் குழாய். ஓர் இணைப்பில் தாடிபோல அத்தி வேர். இணைப்பில் ஈரம் கசிய, தாகமான வேர் மயிரிழையாக நுழைந்து, உள்ளே தடித்துவிட்டது. கடந்துபோன எல்லாவற்றையும்* அது பிடித்துவைத்துக்கொண்டது. அழுத்தத்தில் பாயும் நீரால் பிரான் வேரை அறுத்தெறிந்தாள். தண்ணீர் போனது.

*முக்கியமாக ஈரத்துடைப்பான்கள். கழிப்பறையில் போடலாம் என்று உறையில் எழுதியிருந்தாலும் போடாதீர்கள். பொரித்த எண்ணெயும் அப்படித்தான், குழாய்க்குள் அது மெழுகாகிவிடும்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் பிரான் போகும்போது சுவரோரம் குனிந்தாள்.

3

இந்த ஊர் வீடுகளில் வெளிச்சுவரோரம் ஒரு வட்டக் கம்பி மூடி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. (நுன்சியாத்தா: "ஒனக்கு வேற பொழப்பே இல்லியா?") சாக்கடை எதிர்த்து ஏறினால், எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கேதான் பொங்கும். அந்த வாய் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றுதான் வெளியே, குளியலறைத் தரையைவிடத் தாழ்வாக, இதை வைக்கிறார்கள். பொங்கினால் தானே எழும்பும்படி மூடி தளர்வாக இருக்க வேண்டும். அதன்மேல் பூந்தொட்டி வைப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

கார்மினே பூந்தொட்டி வைக்கவில்லை. அதைவிட அழகான தவறு செய்திருந்தார். தளம் உயர உயர, அந்த மூடியைத் தாங்கும் குழாய்க் கழுத்தையும் நீட்டி, ஒவ்வொரு முறையும் தளத்தோடு சமமாக, வழுவழுப்பாகப் பூசியிருந்தார். பிரான் மட்டம் பிடித்துக் காட்டினாள். மூடி குளியலறைத் தரையைவிட ஒரு சாண் உயரம்.

"பூச்சு அற்புதம் பெரியவரே. ஆனா தண்ணிக்கு அதெல்லாம் தெரியாதே. வேர் மறுபடி வரும். இத ஒடச்சு எறக்குங்க, இல்ல மறுபடி குளியலறையில நீச்சல்தான்."

"என் தளத்துல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

இதை எழுதுவது வியாழக்கிழமை. நாளை மறுநாள் சனிக்கிழமை. இந்த இத்தாலியக் குடும்பம் வருஷத்துக்கு வேண்டிய தக்காளிச் சாஸ் போடும் நாள். குடும்பம் முழுவதும் வந்து, பெட்டி பெட்டியாகத் தக்காளி கழுவி, அரைத்து, புட்டியில் அடைத்து, இரும்புப் பீப்பாயில் வேகவைக்கும். பகல் முழுக்க அதே குழாயில் தண்ணீர் ஓடும். சமையல் குளியலறைக்கு அடுத்த கொட்டகையில்.

"ஒடைக்கலன்னா ஒடைக்க வேணாம்" என்றாள் நுன்சியாத்தா. "சாஸ அசுந்தா வீட்டுல போட்டுக்கறோம்."

அசுந்தா அவளுடைய ஓரகத்தி. அடுத்த தெரு.

"அசுந்தா வீட்டுலயா? அவ சக்கர போடுவா!"

"போடட்டும். வருஷம் முழுக்க இனிப்பாத் தின்னு. ஒன் சிமெண்ட்ட மேல தூவிக்க."

4

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கார்மினே என்ன செய்வார்? இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. கார்மினே உடைக்கவில்லை. எல்லோரும் அசுந்தா வீட்டுக்குப் போகிறார்கள். கார்மினே பளபளக்கும் முற்றத்தில் தனியாக உட்கார்ந்து, இனிப்புச் சாஸை—

சோகம். அத்திமரத்துக்குக்கூடப் பிடிக்கவில்லை.

ஆ. கார்மினே பெருமூச்சு விட்டார். உடைக்கும் இயந்திரத்தை எடுத்து, மூடிக்கு முன்னால் தளத்தின் நடுவே ஓங்கிக் குத்தினார்.

இது நடக்காது என்றே நினைத்தேன். என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. அதனால் இன்று காலை வேலியோரம் நின்று, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினேன். சாஸில் சக்கரை வந்த இடத்தில் முகம் சுளித்தார். இரண்டாவது முடிவில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தப்பு."

"ஒடைக்க மாட்டீங்கன்னு தெரியும், சும்மா கதைக்காகத்தான்..."

"எழுத்துக்காரம்மா, நடுவுல எவனாவது குத்துவானா? விரிசல் வாசல் கேட் வரைக்கும் ஓடும். மொதல்ல வெட்டு மிஷின்ல சதுரமாக் கோடு போடணும். அப்புறம் ஓரத்துலேர்ந்து, சாய்வா, கொஞ்சங்கொஞ்சமா. அத மாத்து." ஒரு நிமிடம் மூடியையே பார்த்தார். "கழுத்த அந்தப் பொண்ணுதான் வெட்டணும், அது என் வேல இல்ல. அவ நம்பர் இருக்கா?"

கொடுத்தேன்.

அவர் போன பிறகு நுன்சியாத்தா வேலிக்கு வந்தாள். "அசுந்தாகிட்ட நான் ஒரு வார்த்தகூடச் சொல்லல. அத எழுதித் தொலைக்காத."

(எழுதிவிட்டேன். கார்மினேவுக்கு மட்டும் இந்த வரியைப் படித்துக் காட்ட மாட்டேன்.)

5

வெள்ளிக்கிழமை காலை. வெட்டு இயந்திரம் வெளியே வந்திருக்கிறது. அதை இன்னும் யாரும் இயக்கவில்லை. கார்மினே அதைச் சுற்றி நடக்கிறார். கதையில் நான் உடைத்தால் கதாசிரியரின் பிடிவாதம் என்பார்கள், அவர் உடைத்தால் மனைவியின் வெற்றி என்பார்கள். ஆகவே இயந்திரத்தை, வாசிக்கும் உங்களிடம் தருகிறேன். தக்காளிகள் காத்திருக்கின்றன.

ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.